குவாரிச் சத்தத்தைச் சமாளிப்பது எப்படி? பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல் குவாரிக்கோ ஜல்லி கிரஷருக்கோ பக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தவர்களுக்கும், பல வருடம் அமைதியாக இருந்த ஊரில் புதிதாகக் குவாரி வந்துவிட்டவர்களுக்கும் இந்தக் கட்டுரை. கரூர் க.பரமத்தி, கோவை மதுக்கரை, கிணத்துக்கடவு, திருப்பூர் பல்லடம், காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று தமிழ்நாட்டில் பல பக்கமும் இந்தப் பிரச்சினை இருக்கிறது. ஆற்று மணலுக்குத் தட்டுப்பாடு வந்தபின் எம்-சாண்ட் தேவை ஏறியது. கட்டடம் பெருகப் பெருகக் குவாரியும் பெருகியது. அந்தக் கட்டடங்களே குவாரி இருக்கும் பக்கமாக நகர்ந்தும் வந்தன.

சத்தம் தாங்க முடியாமல் போகும்போது எல்லோரும் முதலில் செய்வது ஒரு பொதுவான மனு. 'குவாரியால் இரவு பகலாக ஒரே சத்தம், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்' என்று தெருவே கையெழுத்துப் போட்டுக் கலெக்டரிடம் கொடுப்பார்கள். கொஞ்ச நாள் கழித்து, 'மேற்படி குவாரி உரிய அனுமதியுடன் விதிகளுக்கு உட்பட்டே இயங்கி வருகிறது' என்று பதில் வரும். அதோடு பலர் சோர்ந்துவிடுகிறார்கள். குவாரிச் சத்தம் என்று நாம் மொத்தமாகச் சொல்வதற்குள் நாலைந்து தனித்தனிச் சத்தங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, விதி வேறு, பார்க்கவேண்டிய அதிகாரி வேறு. பிரித்துச் சொன்னால் தட்டிக்கழிப்பது கடினம். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு வேலையைச் சுற்றித்தான்.

முதல் படி: எந்தச் சத்தம் என்று பிரியுங்கள்

ஒரு வாரம் கவனமாகக் கேளுங்கள். காலையில் பாறையில் துளை போடுவார்கள்: கம்ப்ரசரின் உறுமல், ஜாக் ஹாமரின் தடதடப்பு. மருந்து அடைத்து முடிந்ததும் சைரன், அப்புறம் வெடி. வெடியில் உடையாமல் கிடக்கும் பெரிய பாறைகளை ஹிட்டாச்சியில் மாட்டிய பிரேக்கர் மணிக்கணக்கில் அடித்து உடைக்கும். அந்தக் கல் கிரஷருக்குப் போகும். ஜா கிரஷர் வாயில் கல் விழும் சத்தமும் சல்லடை அதிரும் சத்தமும் சேர்ந்து இடைவிடாத இரைச்சலாக வரும். கரண்ட் போனால் ஜெனரேட்டர். இவ்வளவுக்கும் மேலே டிப்பர் லாரி.

தூக்கத்தைக் கெடுப்பதில் பல ஊர்களில் லாரிதான் முதலிடம். வெடி ஒரு சில நொடியில் முடிந்துவிடும், அதுவும் பகலில். காலி டிப்பர்களோ வரிசையில் முன்னால் இடம் பிடிக்க விடியற்காலையிலேயே வரத் தொடங்கும். லோடு இருக்கும்போது வண்டி அழுத்தமாக ஓடும். காலியாக இருக்கும்போது ஒரு சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறினாலும் பின்கதவு தொட்டியில் மோதிப் 'படார்' என்று அடிக்கும். கொக்கி தேய்ந்துபோன வண்டி என்றால் தெரு நீளத்துக்கும் அடித்துக்கொண்டே போகும். உங்கள் வீட்டு முன்னால் பஞ்சாயத்து ரோட்டில் ஒரு குழி இருந்தால், வரும் ஒவ்வொரு லாரியும் அதே இடத்தில்தான் அடிக்கும். அந்தக் குழியை மூடினாலே பாதித் தொல்லை போய்விடும். இதைக் குவாரியை மூடச் சொல்லும் மனுவில் எழுதினால் யாரும் படிக்கப்போவதில்லை. தனியாகப் பஞ்சாயத்துத் தலைவரிடம் சொன்னால் ஒரு வாரத்து வேலை.

இரண்டாவது: நோட்டுப் போடுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தேதி, கிழமை, சத்தம் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தச் சத்தம், வீட்டில் எந்த இடத்தில் கேட்டது, என்ன பாதிப்பு. ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: 'செவ்வாய். காலை 4.35 முதல் 5.20 வரை. காலி டிப்பர் 11, அதில் 8 வண்டியில் பின்கதவு அடித்தது. ஜன்னல் சாத்தியிருந்தும் படுக்கையறையில் கேட்டது. குழந்தை எழுந்து அழுதது.' 'தினமும் தூங்கவே முடியவில்லை' என்று பத்து பக்கம் எழுதுவதைவிட இப்படிப்பட்ட முப்பது வரிக்கு மதிப்பு அதிகம்.

தெருவில் இரண்டு மூன்று வீடுகள் தனித்தனியாக எழுதுவது இன்னும் நல்லது. ஒரே வெடியை மூன்று நோட்டு ஒரே நேரத்தில் காட்டினால் மறுக்க முடியாது. தெருவைப் பார்த்த சிசிடிவி கேமரா யார் வீட்டிலாவது இருக்கும். அதில் லாரி போகும் நேரமும் வண்டி எண்ணும் பதிவாகும். ஒலியும் பதிவாகும்படி வைக்கலாம். பழைய பதிவு தானாக அழியும் முன்பு தேவையான துண்டுகளை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கைபேசியில் வீடியோ எடுக்கும்போது தேதி, நேரம், இடத்தை வாயால் சொல்லிவிட்டு எடுங்கள்.

மூன்றாவது: அளந்து பாருங்கள்

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 என்பதுதான் அடிப்படை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். பகல் என்பது காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணிவரை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமைதி மண்டலம்: பகலில் 50, இரவில் 40. தொழிற்பகுதிக்கு 75, 70. குவாரி நடத்துபவர் தொழிற்பகுதி அளவைக் காட்டிப் பேசுவார். சத்தம் எங்கே கிளம்புகிறது என்பதோடு, எங்கே போய் விழுகிறது என்பதும் முக்கியம். உங்கள் வாசலில் குடியிருப்புப் பகுதிக்கான அளவைத்தான் நீங்கள் கேட்கவேண்டும்.

இந்த அளவுகள் எல்லாம் ஒரு நேர அளவுக்கான சராசரி. ஒரு லாரி போகும் நொடியில் 80 காட்டியது என்பதால் மட்டும் விதிமீறல் ஆகாது. அந்த விதிகளின்படி, அனுமதித்த அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினாலோ இரவுக் கட்டுப்பாடுகள் மீறப்பட்டாலோ புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

கைபேசிச் செயலிகள் சான்றாக நிற்காது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஒரே கைபேசி, ஒரே இடம், சுவரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் உயரம். குவாரி ஓடும் நாளில் பதினைந்து நிமிடம் அளவெடுங்கள். அதே நேரத்தில், குவாரி ஓடாத நாளிலும் எடுங்கள். பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் கிரஷர் நிற்கும். அந்த நாட்களை விட்டுவிடாதீர்கள். ஊரின் இயல்பான சத்தம் எவ்வளவு என்று காட்டும் சான்று அப்போதுதான் கிடைக்கும். பிறகு சரியான கருவியோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ அங்கீகாரம் பெற்ற ஆய்வகமோ வந்து அளக்கும்போது, எந்த நேரத்தில் வரவேண்டும் என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்கும். அளக்க வருபவர்கள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் வந்து போய்விடுவது என்ற பழைய கதைக்கு இதுதான் மருந்து.

தூரக் கணக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். திறந்த வெளியில் ஒரே இடத்தில் நிற்கும் இயந்திரத்தின் சத்தம், தூரம் இரட்டிப்பாகும்போது சுமார் 6 டெசிபல் குறையும். 100 மீட்டரில் 70 டெசிபல் கேட்கும் கிரஷர் 200 மீட்டரில் 64, 400 மீட்டரில் 58, 800 மீட்டரில் 52. அதாவது 400 மீட்டர் தள்ளியிருந்தும் பகல் அளவான 55-ஐத் தாண்டலாம். வரிசையாக லாரி ஓடும் ரோடு என்றால் தூரம் இரட்டித்தால் 3 டெசிபல்தான் குறையும். இன்னொன்று: ஒரே மாதிரி இரண்டு இயந்திரத்தில் ஒன்றை நிறுத்தினால் குறைவது 3 டெசிபல் மட்டுமே, காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. காதுக்குப் பாதியாகத் தெரியவேண்டும் என்றால் சுமார் 10 டெசிபல் குறையவேண்டும். அதனால் 'ஒரு மிஷினை நிறுத்துகிறோம்' என்ற சமரசத்துக்குச் சட்டென்று தலையாட்டாதீர்கள். நேரத்தைக் குறைக்கச் சொல்வதும் மறைப்பு வைக்கச் சொல்வதும் பலன் தரும்.

விடியற்காலையில் சத்தம் அதிகமாகத் தெரிவது உங்கள் பிரமை இல்லை. இரவில் தரை குளிர்ந்து மேலே காற்று சூடாக இருக்கும்போது ஒலி கீழ்நோக்கி வளையும். பகலில் கேட்காத தூரத்துக் கிரஷரும் பனிக்காலத்து அதிகாலையில் தெளிவாகக் கேட்கும். காற்று வீசும் திசையும் சேர்ந்துகொள்ளும். நோட்டில் இதற்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

நான்காவது: குவாரியின் காகிதங்களைக் கையில் எடுங்கள்

வாதத்தை வெல்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஒரு குவாரிக்கு மூன்று பக்கத்திலிருந்து அனுமதி வரும். கனிமவளத்துறை வழியாக மாவட்ட ஆட்சியர் தரும் குத்தகை. மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் தரும் சுற்றுச்சூழல் அனுமதி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணை, அதாவது இயங்குவதற்கான ஒப்புதல். கிரஷருக்குத் தனி இசைவாணை. சுற்றுச்சூழல் அனுமதியில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும்: எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை வேலை, எந்த நேரத்தில் வெடி, எல்லையைச் சுற்றி எத்தனை மரம், ஒலியை எப்போதெல்லாம் அளக்கவேண்டும். ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அனுமதிக் கடிதத்தைத் தேடலாம். அனுமதி பெற்றவர் ஜூன் 1, டிசம்பர் 1 என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை கொடுக்கவும் கடமைப்பட்டவர். அந்த அறிக்கையில் 'காலை 6 மணிக்கு முன் வாகன இயக்கம் இல்லை' என்று இருந்து, உங்கள் நோட்டில் 4.35 என்று இருந்தால், மனுவை எழுதும் வேலை பாதி முடிந்தது.

குவாரியின் புல எண் (சர்வே நம்பர்) தெரியவில்லையா? மாவட்ட இணையதளத்தில் கனிமங்களுக்கான மாவட்ட ஆய்வறிக்கை இருக்கிறதா பாருங்கள். யாருக்கு, எந்தக் கிராமத்தில், எந்தப் புல எண்ணில், எப்போதுவரை குத்தகை என்று பட்டியல் இருக்கும். கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, மாவட்டக் கனிமவளத்துறை அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று. 30 நாளில் பதில் வரவேண்டும். கேள்வியாக இல்லாமல் ஆவணமாகக் கேளுங்கள். 'ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?' என்றால் பதில் வராது. 'இன்ன புல எண்ணுக்கான குத்தகை ஆணை, சுரங்கத் திட்டம், இசைவாணை, கடந்த இரண்டு ஆண்டின் ஒலி அளவீட்டு அறிக்கைகள் ஆகியவற்றின் நகல்' என்றால் கொடுத்தாகவேண்டும்.

தூரத்தையும் சரிபாருங்கள். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959-இல் 36-ஆம் விதியின்படி, குடியிருப்பு இடத்திலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக் குத்தகை தரக்கூடாது. குடியிருப்பு இடம் என்றால் வருவாய் ஆவணத்தில் ஊர்நத்தமாகவோ வீட்டுமனையாகவோ இருப்பது, அல்லது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு. காட்டுக்குள் கட்டிய தனி வீடும் அங்கீகாரமில்லாத மனையும் இதில் சிக்கலாகும். ஏற்கெனவே நடக்கும் குத்தகை அதன் காலம் முடியும்வரை தொடரலாம். இதே விதி மறுபக்கமும் பேசுகிறது: குவாரியிலிருந்து 300 மீட்டருக்குள் புது மனைப்பிரிவுக்கு அனுமதி தருவதற்கு முன் கனிமவளத்துறையின் தடையின்மைக் கடிதம் வேண்டும். இன்னும் மனை வாங்காமல் யோசித்துக்கொண்டிருப்பவர்கள் புரோமோட்டரிடம் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். 'அது மூடின குவாரிங்க' என்ற வாய்வார்த்தையை நம்பவேண்டாம். மூடிய பாறைக்குழி மறுபடியும் குத்தகைக்குப் போகலாம்.

'குவாரி முதலில் வந்தது, நீங்கள்தானே பிறகு வந்தீர்கள்?' என்று கேட்பார்கள். தூர விதியில் இந்தக் கேள்விக்கு இடம் உண்டு. ஒலி அளவில் இல்லை. இரவில் 45 என்பது யார் முதலில் வந்தார்கள் என்று பார்த்து மாறுவதில்லை.

ஐந்தாவது: முதலில் பேசிப் பாருங்கள், கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள்

குவாரியில் வேலை செய்பவர்களும் பெரும்பாலும் அதே சுற்றுவட்டாரத்து ஆட்கள்தான், நம்மைவிட அதிகச் சத்தத்தில் நாள் முழுக்க நிற்பவர்கள். 90 டெசிபலில் எட்டு மணிநேரம் என்பதுதான் தொழிலாளிக்கு வைத்திருக்கும் வரம்பு. கம்ப்ரசர் பக்கத்தில் காதில் பஞ்சுகூட இல்லாமல் நிற்கும் பையனைப் பார்க்கும்போது மனசு கேட்காது. நாம் கேட்கும் மாற்றங்களில் பல அவர்கள் காதையும் காப்பாற்றும். பேசும்போது இதையும் சொல்லுங்கள், ஊர் இரண்டாகப் பிரியாது.

பஞ்சாயத்துத் தலைவரையோ ஊரில் இரு தரப்பும் மதிக்கும் பெரியவரையோ வைத்துக்கொண்டு, மேனேஜரோடு உட்காருங்கள். 'சத்தத்தைக் குறையுங்கள்' என்று சொல்லாமல், செய்யக்கூடியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

லாரிக்கு: காலை 6 மணிக்கு முன் வண்டி தெருவுக்குள் வரக்கூடாது, முன்னால் வந்தவை மெயின் ரோட்டில் நிற்கட்டும். பின்கதவுக் கொக்கியைச் சரிசெய்து, மோதும் இடத்தில் பழைய டயர் ரப்பர் வைத்து அடிக்கட்டும். ரோட்டுக் குழியை அவர்களே ஜல்லி கொட்டி மூடலாம். அவர்களிடம் இல்லாத ஜல்லியா? ஊருக்குள் வேகம் குறையவேண்டும். பல சுருதியில் அலறும் ஏர் ஹாரன் மத்திய மோட்டார் வாகன விதி 119-இன்படியே தடைசெய்யப்பட்டது, அதற்குப் பேச்சுவார்த்தையே தேவையில்லை. வண்டி எண்ணோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு (வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்) போகலாம்.

கிரஷருக்கு: கல் விழும் உயரத்தைக் குறைப்பது, சரிவுத் தகடுகளுக்கு உள்ளே ரப்பர் ஒட்டுவது, இரும்புச் சல்லடைக்குப் பதில் ரப்பர் சல்லடை, வீடுகள் இருக்கும் பக்கம் தகரமும் உள்ளே ஒலி உறிஞ்சும் பொருளும் வைத்த மறைப்பு. செலவே இல்லாத ஒன்று, ஜல்லிக் குவியலின் இடத்தை மாற்றுவது. கிரஷருக்கும் வீடுகளுக்கும் நடுவில் குவித்தால் அதுவே தடுப்புச் சுவர். தோண்டி எடுத்த மேல்மண்ணைக் கரையாகப் போட்டாலும் அப்படித்தான். கரை உயரமாகவும், இயந்திரத்தை நம் வீட்டிலிருந்து பார்க்க முடியாதபடியும் இருக்கவேண்டும். பார்வை மறைந்த இடத்தில்தான் சுமார் 5 டெசிபலாவது குறையத் தொடங்கும். மரம் நடுவதாகச் சொல்வார்கள். நடட்டும், தூசிக்கு மிக நல்லது. ஆனால் இரண்டு வரிசை மரம் சத்தத்தைத் தடுக்காது. ஜெனரேட்டர் என்றால் ஒலித்தடுப்புக் கூண்டு கட்டாயம்: 2005-க்குப் பிறகு தயாரான, 1000 கே.வி.ஏ. வரையிலான டீசல் ஜெனரேட்டருக்குக் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபல்தான் அளவு.

வண்டி பின்னால் வரும்போது அடிக்கும் 'பீப் பீப்' பாதுகாப்புக்கானது, அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். 'ஷ்ஷ் ஷ்ஷ்' என்று இரையும் வகை அலாரம் இருக்கிறது. பின்னால் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும், தூரத்தில் கரைந்துவிடும். ஹிட்டாச்சி, லோடர் ஆகியவற்றுக்கு அதை மாட்டச் சொல்லலாம்.

ஒப்புக்கொண்டதை ஒரு தாளில் எழுதி, இருதரப்பும் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். ஒரு மாதம் பாருங்கள். நோட்டைத் தொடருங்கள்.

ஆறாவது: வெடியும் விரிசலும்

வெடியில் இரண்டு விஷயம் நடக்கிறது. தரை வழியாக வரும் அதிர்வு ஒன்று. காற்று வழியாக வரும் அழுத்தம் இன்னொன்று. ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடுவது பெரும்பாலும் இரண்டாவதால். துளையின் வாயை மண்ணும் கல் சிப்ஸும் போட்டு ஒழுங்காக அடைக்காவிட்டாலும், தரைமேல் திறந்த திரி ஓடினாலும் இந்த அழுத்தம் கூடும். துளைகளை ஒரே நேரத்தில் வெடிக்காமல் மில்லிநொடி இடைவெளி விட்டு வெடித்தால் அதிர்வு நன்றாகவே குறையும். இதை 'டிலே' என்பார்கள். உங்கள் குவாரியில் அது நடக்கிறதா என்று கேளுங்கள்.

சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு அதிர்வு அளவு வைத்திருக்கிறது: அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் நொடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. பழமையான கோயில் போன்ற மென்மையான கட்டடங்களுக்கு 2, 5, 10. மனித உடல் இதைவிட மிகக் குறைந்த அதிர்வையே உணர்ந்துவிடும். அதனால் 'வீடே ஆடியது' என்பது உண்மையாக இருந்தும் அளவு வரம்புக்குள் இருக்கலாம். உங்கள் வீட்டில் கருவி வைத்து அளக்கச் சொல்லி இயக்குநரகத்துக்கும் கனிமவளத்துறைக்கும் எழுதுங்கள். பெங்களூருவில் உள்ள தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் போன்ற அரசு நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன.

விரிசலுக்கு ஆதாரம் நீங்கள்தான் சேர்க்கவேண்டும். ஜன்னல் மூலையிலும் பூச்சிலும் எந்த வீட்டிலும் விரிசல் வரும், வெடியே இல்லாவிட்டாலும். இன்றே எல்லாச் சுவரையும், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். விரிசல் முடியும் நுனியில் பென்சிலால் சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையிலும் ஒட்டிவையுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். இரண்டு வாரம் கழித்து கோட்டைத் தாண்டி விரிசல் ஓடியிருந்தால், நோட்டில் அந்த வாரத்து வெடிகளைப் பாருங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்து எழுத்தில் வாங்கிவைப்பதும் நல்லது.

ஏழாவது: மனு, யாருக்கு எதை

பேச்சு பலிக்கவில்லை என்றால் எழுத்து. ஒரு மனுவில் ஒரு சத்தம்.

கிரஷர், ஜெனரேட்டர், பொதுவான ஒலி அளவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். 1987 திருத்தத்துக்குப் பிறகு காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் ஒலியும் மாசுதான். வேலை நேரம், தூரம், குத்தகை எல்லை, வெடி என்றால் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் கனிமவளத்துறை உதவி இயக்குநர். வெடி அதிர்வுக்குச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம். லாரிக்கு ஆர்.டி.ஓ. அலுவலகமும் காவல் நிலையமும். ரோட்டுக்குப் பஞ்சாயத்து. எல்லோரையும் தொடவேண்டிய பெரிய தொல்லை என்றால் கோட்டாட்சியர்: பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிட அவருக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. முன்பு இதுதான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133.

மனு ஒரு பக்கத்தைத் தாண்டவேண்டாம். மாதிரி:

'இன்ன கிராமம், இன்ன புல எண்ணில் இயங்கும் கிரஷர், இன்ன தேதிமுதல் இன்ன தேதிவரை 18 நாட்களில் இரவு 10 மணிக்குப் பிறகும் இயங்கியது. நாள், நேரப் பட்டியல் இணைப்பு 1. சுற்றுச்சூழல் அனுமதியின் இத்தனையாவது நிபந்தனை இரவு இயக்கத்தை அனுமதிக்கவில்லை, நகல் இணைப்பு 2. இரவு 10.30 மணிக்கு மேல் நேரில் வந்து ஒலி அளவெடுத்து, அறிக்கையின் நகலை எங்களுக்குத் தருமாறும், நிபந்தனையை அமல்படுத்துமாறும் கேட்டுக்கொள்கிறோம்.'

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் பதியலாம். பதிவுத் தபாலில் ஒரு பிரதி. அப்புறம் கிராம சபை: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கூடுகிறது. தீர்மானமாகப் பதிவானால் பிறகு எந்த மன்றத்திலும் காட்டலாம். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இது ஆபத்தில்லாத வேலை இல்லை. 2022 செப்டம்பரில் கரூர் மாவட்டத்திலும் 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியிலும், குவாரிகளுக்கு எதிராகப் புகார் கொடுத்துவந்தவர்கள் வண்டி ஏற்றிக் கொல்லப்பட்டார்கள். அதனால் தனி ஆளாகப் போகாதீர்கள். மனு எப்போதும் பல கையெழுத்தோடு, குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் போகட்டும். குவாரிக்குள் நுழைந்து படம் எடுக்காதீர்கள், உங்கள் வீட்டு மாடியிலிருந்து எடுப்பதே போதும். மிரட்டல் வந்தால் அன்றைக்கே காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், ஒரு நகலை எஸ்.பி. அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். நோட்டின் படம் இரண்டு மூன்று பேர் கைபேசியில் இருக்கட்டும்.

இதற்கிடையில் வீட்டுக்குள்

அதிகாரிகள் அசையும்வரை தூங்கியாகவேண்டும் அல்லவா. படுக்கையைக் குவாரிக்கு எதிர்ப்பக்க அறைக்கு மாற்றுங்கள், செலவில்லாத முதல் வைத்தியம் இதுதான். சத்தம் நுழைவது சுவர் வழியாக இல்லை, இடைவெளி வழியாக. ஜன்னலுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டர், கதவின் அடி, ஏசி குழாய் போகும் ஓட்டை. குவாரிப் பக்கத்து வென்டிலேட்டருக்குக் கண்ணாடி போட்டு, கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டினாலே வித்தியாசம் தெரியும். ஆடும் கண்ணாடிக்குப் புதிதாக மக்கு (புட்டி) வைத்தால் வெடி நேரத்துக் கடகடப்பு நின்றுவிடும்; வயதானவர்களுக்குப் பயம் பாதி குறையும். திரைச்சீலை கிரஷர் இரைச்சலைத் தடுக்காது. காம்பவுண்டுச் சுவரை உயர்த்தினால் கீழ்த்தளத்துக்கு உதவும், மாடிக்கு உதவாது.

எதுவும் நடக்காவிட்டால்: பசுமைத் தீர்ப்பாயம்

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1000 ரூபாய். காலக்கெடுவைக் கவனியுங்கள்: புதிதாகக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்க 30 நாள், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். மற்ற சுற்றுச்சூழல் புகாருக்குக் காரணம் முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம். இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு. 'பார்த்துக்கொள்ளலாம்' என்று இழுத்தால் இந்த நாட்கள் ஓடிவிடும். புது அனுமதி வந்தால் உள்ளூர் நாளிதழ்கள் இரண்டிலாவது விளம்பரம் வரவேண்டும், பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் நகல் வரும். அந்த அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையை மாதம் ஒருமுறை பார்ப்பதை யாராவது ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

குத்தகை ஆணை கையில் கிடைத்ததும் அதில் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அதற்கு ஒரு வருடம் முன்பே, புதுக் குத்தகையோ புது அனுமதியோ கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறதா என்று தகவல் உரிமையில் கேளுங்கள். பக்கத்துக் குவாரிகளோடு சேர்த்து மொத்தப் பரப்பு 5 ஹெக்டேருக்கு மேல் போனால் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும், 30 நாள் முன்னறிவிப்போடு. அங்கே பேசியதெல்லாம் பதிவாகும். அந்தக் கூட்டத்துக்கு நோட்டையும், அளவுகளையும், முன்பு கையெழுத்தான ஒப்பந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போய், எந்த நிபந்தனை எந்தத் தேதியில் மீறப்பட்டது என்று வரிசையாக வாசித்து, எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.